எல்லாத்துக்கும் ‘ஆம்’ அமுக்கற மனுஷன்

எங்க வீட்டுக்காரரைப் பத்தி வெளியில விசாரிச்சா எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்லுவாங்க. லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில மாட்டிக்கிட்டு அலறுறவங்களுக்கு, வெளியில நின்னு "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், எந்தப் பட்டனையும் தொடாதீங்க"ன்னு தைரியம் சொல்ற ஆளு. அந்தக் குரலைக் கேட்டா வீல்வீல்னு கத்தற குழந்தைகூட அடங்கிடும்பாங்க. நானும் அந்தக் குரலுக்குத்தான் கழுத்தை நீட்டினேன். ஆனா அதே மனுஷன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா எப்படி இருப்பாருன்னு என்னைக் கேளுங்க. வயிறு எரியுது.

எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது. ஐயோ பாவம்னு யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம், எனக்கு அது பிடிக்காது. நான் டைப்பிஸ்ட். கூட்டம், விசாரணை, பேட்டின்னு பதிவு பண்ணி அனுப்புவாங்க, நான் கேட்டு எழுத்தாக்கிக் குடுப்பேன். ஒரு காதுல அந்தப் பதிவு ஓடும். இன்னொரு காதுல மூக்கன் பேசுவான்.

மூக்கன்னா ஆளு இல்லை. என் லேப்டாப் திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற மென்பொருள். ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி மூக்கால பேசுவான், அதான் அந்தப் பேரு. நான் ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சா உடனே சொல்லுவான். எந்தப் பக்கம் தெறந்திருக்கு, அடிச்சது அங்க போய்ச் சேர்ந்துதா, எல்லாம் அவன் வாயிலேர்ந்துதான் எனக்குத் தெரியணும். அவனை எனக்குப் போட்டுக் குடுத்ததும் இவருதான், அதை மறைக்க மாட்டேன். நான் முன்னால டெலிஃபோன் எடுத்துக்கிட்டிருந்த ஆபீஸ்ல, லிஃப்ட்டுக்குள்ள மாடி எண்ணைச் சொல்ற குரலை மாட்ட வந்தாரு. "இது உங்களுக்குப் புரியுதாங்க, இன்னும் கொஞ்சம் சத்தமா வெக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. அந்த ஆபீஸ்ல அதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதையும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, மனுஷன் ஒரு கூட்டத்துல சேர்ந்திருக்காருன்னு. கட்சி, சாமியார் அப்படியெல்லாம் இல்லை. ஓப்பன் சோர்ஸ். மென்பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெறந்து காட்டுவாங்களாம், யாரு வேணா எடுத்து மாத்திக்கலாமாம். நல்ல விஷயம்தானே, நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே. அதையே நாம பயன்படுத்தற மாதிரி ரெடி பண்ணியும் வெச்சிருப்பாங்க, ஒரே ஒரு வரி அடிச்சா தானா வந்து உட்கார்ந்துக்கும். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். சோர்ஸை, அதாவது ஒருத்தன் எழுதி வெச்ச மூலத்தை, அப்படியே இறக்கி, மெஷினுக்குப் புரியற மாதிரி இவரே மாத்தணும். அதுக்குப் பேரு கம்பைல். "நம்ம மெஷினுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்"பாரு. தைச்சதுல எதையாவது இதுவரைக்கும் ஒழுங்கா போட்டுக்கிட்டோமா? பாட்டு கேக்கற மென்பொருளை ஒரு தடவை கம்பைல் பண்ணாரு. அன்னியிலேர்ந்து பிரிண்டர் வேலை செய்யலை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிவரைக்கும் அவருக்கும் தெரியாது.

இன்னொரு கேடுகெட்ட பழக்கம் இருக்கு. கம்ப்யூட்டர் எதையாவது கேட்டா முழுசா வாசிக்கவே மாட்டாரு. "இதைச் செய்யட்டுமா? ஆம், இல்லை"ன்னு பெட்டி வந்தா டக்குனு ஆம். கேள்வி வந்து முடியறதுக்குள்ள ஆம். அதுக்கு முன்னாடி மூக்கால சின்னதா ஒரு மூச்சு இழுப்பாரு, ஹுக்குனு. அடுத்த நொடி விரல் இறங்கியிருக்கும். எனக்கு அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டாலே குமட்டிக்கிட்டு வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஆபீஸ் மேலாளரம்மாகிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தேன். நேரடிக் கூட்டம் எனக்கும் குடுங்கன்னு. அங்க ஒருத்தர் பேசப் பேச இங்க நான் அடிக்கணும், அது அப்பவே கூட்டத்துல இருக்கற எல்லார் திரையிலயும் வரிவரியா வரணும். எங்க வேலையில அதுதான் மேல்படி. நிரந்தர வேலை அவங்களுக்குத்தான். என்னைவிட மெதுவா அடிக்கறவங்க எல்லாம் அங்க போய் உட்கார்ந்துட்டாங்க. அந்தம்மா ரொம்ப அன்பா, "உனக்கு எதுக்கும்மா சிரமம், இருக்கறதைப் பண்ணு, போதும்"பாங்க. அந்த அன்பு இருக்கு பாருங்க, அதைவிட அருவருப்பான ஒண்ணு கிடையாது. நானும் விடலை, நச்சரிச்சேன். கடைசியில, "சரி, ஒரே ஒரு கூட்டம் தர்றேன். நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது"ன்னாங்க. ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவோட கூட்டம். மத்தியானம் ரெண்டு மணிக்கு.

அன்னிக்குக் காலையில குளிச்சுட்டு வந்து தலையைத் துவட்டிக்கிட்டே என் மேஜைப் பக்கம் வர்றேன், நாற்காலி காலியா இல்லை. இவரு உட்கார்ந்திருக்காரு. விசைப்பலகை சத்தம் படபடன்னு கேக்குது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா இரு. உனக்கு ஒரு ஆச்சரியம். மூக்கனோட புது வெர்ஷன் வந்திருக்கு. சோர்ஸ் மட்டும்தான் வெளியிட்டிருக்காங்க, இன்னும் யாரும் ரெடி பண்ணலை. குரல் எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா? இன்னிக்கு உன் கூட்டத்துக்கு அதையே போட்டுடறேன். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இன்னிக்கேவா? வேண்டாங்க. சாயங்காலம் பண்ணுங்க. இருக்கறவன் இருக்கட்டும்."

"இருக்கறவனை எடுத்துட்டேனே."

"எடுத்துட்டீங்களா?"

"பழசு கெடந்தா புதுசோட மோதும். சுத்தமா தொடைச்சுட்டுத்தான் போடணும்."

துண்டை அப்படியே தரையில போட்டேன். எவ்வளவு ஆசையா சொல்றாரு, கத்தக்கூட முடியலை. "லிஃப்ட்ல புதுக் கயிறு கைக்கு வராம பழைய கயித்தைக் கழட்டுவீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"சேச்சே, அது எப்படி? உள்ள ஆளு இருந்தா செத்துருவானே."

"அப்ப இங்க யாரு உள்ள இருக்கறது?"

படபடன்னு மறுபடி அடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

டீ ஆறிச்சு. ஏடு படிஞ்சுது. அதை எடுத்துப் போய் நானே கொட்டிட்டு வந்தேன். புது மூக்கனுக்கு ஏதோ ஒரு லைப்ரரி வேணுமாம். மென்பொருளுக்கு மென்பொருள் கடன் வாங்கற துணைக் கோப்புதான் லைப்ரரி. சரி, அதைப் போட்டாரு. அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி வேணுமாம். அதையும் இறக்கினாரு. அது, "எனக்கு இருக்கற பழசு ஆகாது, புதுசுதான் வேணும்"னுச்சு. அதையும் சோர்ஸ்லேர்ந்து கம்பைல் பண்ணாரு. அனுமார் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சு. கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சா இன்னொண்ணு எங்கேன்னு கேக்குது. லேப்டாப் ஃபேன் ஓன்னு ஊளையிடுது. அடிப்பக்கம் கொதிக்குதுன்னு, நான் மாவு பிசையற தட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல தூக்கி வெச்சிருக்காரு. தட்டும் கொதிச்சுப் போச்சு.

நடுநடுவுல எரர் வரும். இவரு அதை மந்திரம் மாதிரி முணுமுணுன்னு வாசிப்பாரு. என்ன சொல்லுதுன்னு கேட்டா, "அது சொல்றது உண்மையான காரணம் இல்லை, காரணம் மேல எங்கயோ இருக்கும்"பாரு. மேல போய்ப் பார்த்தா அது வேற எதையோ சொல்லும். உண்மையைச் சொல்லத் தெரியாத ஒண்ணை உட்கார வெச்சு எதுக்குக் கெஞ்சணும்? த்தூ.

அப்புறம் அவங்க கூட்டத்துக்கிட்ட உதவி கேட்டாரு. இணையத்துல ஒரு இடம் இருக்கு, இவங்க எல்லாம் அங்கதான் பேசிக்குவாங்க. வந்த பதிலை எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டினாரு, அதுவும் பெருமையா. ஒருத்தன், "எனக்கு ஒரு பிரச்சனையும் வரலையே"ங்கறான். சந்தோஷம்டா, போய்த் தூங்கு. இன்னொருத்தன், "இந்தக் காலத்துல இவ்வளவு பழைய சிஸ்டத்தை யாராவது வெச்சிருப்பாங்களா"ங்கறான். மூணாவது ஆளு, "இது ஏற்கெனவே பேசியாச்சு"ன்னு ஒரு பழைய பக்கத்தைக் காட்டறான். அங்க போய்ப் பார்த்தா, இதே கஷ்டத்துல எவனோ ஒருத்தன் கதறியிருக்கான். அவனே கீழ, "சரி ஆயிடுச்சு, நன்றி"ன்னு எழுதிட்டுப் போயிட்டான். எப்படிச் சரி ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. மனுஷனா அவன்? அவன் எதிர்ல வந்தா காறித் துப்பியிருப்பேன்.

"போதுங்க"ன்னேன். "புதுசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரே வரி அடிச்சா பழைய மூக்கன் வந்துருவான்னு நீங்கதானே சொல்லுவீங்க? அந்த வரியை அடிங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், இது முடிஞ்சா..."

"அடிங்கன்னா அடிங்க!"

பெருமூச்சு விட்டாரு. அடிச்சாரு. வரலை. ஏன் வரலை? பழைய மூக்கனுக்குப் பழைய லைப்ரரி வேணும். இவருதான் காலையிலேர்ந்து அதையெல்லாம் புதுசா மாத்தி வெச்சிருக்காரே. "இது ஒண்ணும் பிரச்சனையே இல்லை, தானா சரி பண்ணிக்கச் சொன்னா பண்ணிக்கும்"னு ஏதோ அடிச்சாரு. அப்புறம், ஹுக்.

"என்ன கேட்டுது?"ன்னேன்.

"என்னமோ சிலதை நீக்கட்டுமான்னு..."

"எதை நீக்கட்டுமான்னு?"

அதுக்குள்ள அமுக்கியாச்சு. ஃபேன் சத்தம் மெல்ல அடங்கிச்சு. காலையிலேர்ந்து முதல் தடவையா அந்த அறை நிசப்தமாச்சு. இவரு, "திரை கறுப்பா ஆயிடுச்சு"ன்னாரு. மூக்கன் இருந்த வீட்டையே இடிச்சுட்டாரு. பெட்டி, பக்கம், ஜன்னல் எல்லாத்தையும் காட்டற பகுதியையே நீக்கச் சொல்லி ஆம் அமுக்கியிருக்காரு.

நான் அழலை. அழணும் போலத்தான் இருந்தது, ஆனா அருவருப்பு அதைவிடப் பெருசா இருந்தது. அந்த ஃபேன் மேல, அந்தக் கொதிக்கற தட்டு மேல, அந்த ஓப்பன் சோர்ஸ் கூட்டம் மேல, இந்த மனுஷனோட மூச்சு மேல எல்லாம். மேலாளரம்மா என்ன சொல்லப் போறாங்கன்னு என் காதுல இப்பவே கேக்குது. "பரவாயில்லைம்மா, உனக்குக் கஷ்டம்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும்." கண்ணு தெரிஞ்ச ஆளு கெடுத்து வெச்சதுக்கு, கண்ணு தெரியாதவளால முடியலைன்னு பேரு.

கீழ் வீட்டுக்கு இறங்கினேன். அங்க இவரோட அக்கா இருக்காங்க, பல் டாக்டர் கிளினிக்ல வரவேற்புல உட்கார்றவங்க. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். மத்தியான வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தாங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மாடிப்படியைப் பார்த்து, "டேய், உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?"ன்னு ஒரு கத்து கத்தினாங்க. அப்புறம் அவங்க லேப்டாப்பைத் தூக்கி என் கையில குடுத்தாங்க. அது கடையில வாங்கின சாதாரண லேப்டாப். அதுலயும் ஒரு பேசற குரல் இருந்தது, ஆனா தமிழைக் கண்டா வாயைத் தெறக்காது. என் ஃபோன் தமிழ் பேசும், ஆனா அந்தக் கண்ணாடியைத் தடவித் தடவி எவ்வளவு வேகமா அடிச்சுட முடியும்?

"அண்ணி, கூட்டப் பக்கத்தைத் தெறந்து, அடிக்கற இடத்துல மட்டும் கொண்டுபோய் விட்டுட்டுப் போங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்"ன்னேன்.

"தப்பா அடிச்சா எப்படிம்மா தெரியும் உனக்கு?"

"தெரியாது. அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மாடிக்கு வந்து பத்திரமா தெறந்து குடுத்துட்டு, தம்பி தலையில ஒரு குட்டும் குட்டிட்டு அண்ணி போனாங்க. குட்டின சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுது, திருப்தியா இருந்தது. அப்புறம் இவரை என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். "எழுத்து திரையில வந்துக்கிட்டே இருக்கான்னு மட்டும் பாருங்க. நின்னா என் தோளைத் தொடுங்க. வேற எதையும் தொடக் கூடாது, வாயையும் தெறக்கக் கூடாது"ன்னேன். "சரிம்மா"ன்னாரு, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க குரல்ல.

கூட்டம் ஆரம்பிச்சுது. மூக்கன் இல்லாம ஒரு வார்த்தைகூட நான் அடிச்சதில்லை. கையை விட்டுட்டு மாடிப்படி இறங்கற மாதிரி இருந்தது. அடிக்கறது எல்லாம் எங்க போகுது, சரியா போகுதா, ஒண்ணும் தெரியலை. காதுல விழறது விரல்ல வரணும், நடுவுல யோசனைக்கே இடம் இல்லை. குழுத் தலைவர் பேசினாரு, அடிச்சேன். ஒரு டாக்டரம்மா பேசினாங்க, அடிச்சேன். கொஞ்ச நேரத்துல பயம் போச்சு. மூக்கன் இல்லாட்டியும் என் விரலுக்கு வழி தெரியும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

வண்டி நிறுத்தற இடத்தைப் பத்தி தலைவர் ஏதோ நீளமா பேசிக்கிட்டிருந்தாரு. அப்ப பக்கத்துல ஸ்டூல் லேசா கிறீச்சுன்னுச்சு.

ஹுக்.

என் உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. எனக்குத் தெரியும் அந்த மூச்சு. ஏதோ பெட்டி வந்திருக்கு, இந்த மனுஷன் கையை நீட்டறாரு. "தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்!"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். காத்துல துழாவி அவரு மணிக்கட்டைப் பிடிச்சேன். விரல் விசைக்கு மேல வந்து நிக்குது. அப்படியே இழுத்து, என் தொடைக்கு அடியில வெச்சு, அதுமேல உட்கார்ந்துட்டேன். உட்கார்ந்துக்கிட்டே தலைவர் பேச்சைப் பிடிச்சுட்டேன். ரெண்டு வார்த்தைதான் போயிருக்கும், அதையும் ஞாபகத்துலேர்ந்து அடிச்சேன். கூட்டம் முடியற வரைக்கும் எழுந்திருக்கலை. கை மரத்துப் போச்சுன்னு ஒரு தடவை முனகினாரு. மரத்துப் போகட்டும்னு விட்டுட்டேன்.

முடிஞ்சதும் கேட்டேன், "என்ன பெட்டி அது?"

"அப்டேட் வந்திருக்கு, லேப்டாப்பை அணைச்சுட்டு மறுபடி போடட்டுமான்னு கேட்டுது."

"அதுக்கு ஆம்னு அமுக்கப் போனீங்க."

"பழக்கதோஷம்"னாரு. அந்தக் குரலைக் கேட்டப்ப எனக்குக் கோபமே வரலை. வெறுத்துப் போச்சு, அவ்வளவுதான். கறிவேப்பிலையை ஒதுக்கி வெக்கற மாதிரி இவரைத் தட்டோரமா ஒதுக்கி வெச்சுடணும்னு தோணிச்சு.

கொஞ்ச நேரத்துல மேலாளரம்மா ஃபோன் பண்ணாங்க. நான் எழுந்து நின்னுட்டேன். இவரும் எழுந்து நின்னாரு, ஸ்டூல் நகர்ந்துது.

"முழுக்கப் பார்த்தேன்மா. நீ எங்கயும் நிக்கலை. அவங்களும் திருப்தின்னு சொன்னாங்க"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் தயங்கினாங்க. "ஒண்ணே ஒண்ணுதான். தலைவர் வண்டி நிறுத்தற இடத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு. நடுவுல, 'தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்'னு ஒரு வரி வருது. அங்க இருந்த எல்லார் திரையிலயும் வந்திருக்கு. யாரு சொன்னதுன்னு அவங்களுக்குள்ள பெரிய பேச்சாம். அது யாரும்மா சொன்னது?"

காதுல விழறதை எல்லாம் விரல் அடிச்சுது, என் சொந்தக் குரலைக்கூட விடலை. ஒரு நொடி மூக்கன் மேல பழி போட்டுடலாமான்னுகூட நினைச்சேன். ஆனா நான் ஏன் மறைக்கணும்? "நான்தாம்மா சொன்னேன். என் வீட்டுக்காரரை"ன்னேன்.

அந்தப் பக்கம் மேலாளரம்மா சிரிச்சாங்க. இவ்வளவு வருஷமா என்கிட்ட அன்பா மட்டுமே பேசினவங்க, அன்னிக்குத்தான் சாதாரணமா சிரிச்சாங்க. "அந்த வரியை எடுத்துட்டு நாளைக்குக் காலையில அனுப்பு. அடுத்த வாரத்துலேர்ந்து அவங்க கூட்டம் எல்லாம் உனக்குத்தான். வேலை நிரந்தரம் பண்ற உத்தரவை நான் எழுதி வெச்சுடறேன்"ன்னு சொல்லி ஃபோனை வெச்சாங்க.

நாற்காலியில உட்கார்ந்தேன். இவரு மெல்ல, "பார்த்தியா, நல்லபடியா முடிஞ்சுது"ன்னாரு. எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம்! நல்லபடியா முடிஞ்சுதாம். இவரு முடிச்சுக் குடுத்த மாதிரி.

"வாங்க இங்க"ன்னேன். "மூக்கன் இல்லை. அந்த வரி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் தேடி எடுக்கணும். முதல்லேர்ந்து ஒவ்வொரு வரியா வாசிங்க. சத்தமா வாசிங்க."

வாசிச்சாரு. தலைவர் வரவேற்பு உரை, டாக்டரம்மா கணக்கு, எல்லாம் வாசிச்சாரு. அவசரத்துல தாண்டினா நான் முழங்கையால இடிப்பேன், திரும்பிப் போய் வாசிப்பாரு. கடைசியில அந்த இடம் வந்துது. தொண்டையைச் செருமிக்கிட்டு, "தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்"னு வாசிச்சாரு.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வாசிச்சாரு. அப்புறம் அந்த வரியை எடுத்தாரு. சேமிக்கறதுக்கு ஏதோ அமுக்கினாரு. அப்ப பெட்டி வந்திருக்கணும், ஏன்னா அந்த மூச்சை நான் கேட்டேன். ஹுக்குனு இழுத்தாரு, ஆனா அடுத்த சத்தம் வரலை. மூச்சு அப்படியே நின்னுது. விசை விழலை.

"என்னமோ கேக்குது"ன்னாரு. "ஆம்னு அமுக்கட்டுமா?"

"என்ன கேக்குதுன்னு முதல்ல முழுசா வாசிங்க"ன்னேன்.

வாசிச்சாரு.